மல்லாட்டைப் படத்தின் முதலாளிகள்

படம் விற்கிறவர் ஒரு ஆளுக்குப் பதில் சொன்னால் போதும். படத்தில் பங்கு விற்கிறவர் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும். நான் இரண்டாவது ரகம்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு காபிக் கடையின் மாடியில் எங்கள் கம்பெனியின் காட்சி அறை இருக்கிறது. தலைமை அலுவலகம் சென்னையில். கம்பெனி ஓவியர்களிடம் படம் வாங்கி, அதன் விலையைச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து, செல்போன் ஆப்பில் விற்கும். ஒரு நல்ல பட்டுப்புடவை வாங்குகிற காசில் ஒரு பங்கு கிடைத்துவிடும். பின்னால் யாராவது அந்தப் படத்தை மொத்தமாக வாங்கினால், கம்பெனி தன் கூலியை எடுத்துக்கொண்டு, ஓவியருக்கும் ஒரு பாகம் ஒதுக்கிவிட்டு, மீதியைப் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். விலை ஏறியிருந்தால் லாபம், இறங்கியிருந்தால் நஷ்டம், யாருமே கேட்காவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். பெரிய பணக்காரர்கள் தங்கள் ஹாலில் மாட்டிக்கொண்டிருந்த சமாசாரத்தை இப்போது கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே வாங்கலாம்.

இதில் என் வேலைக்குப் பெயர் வாடிக்கையாளர் உதவி. இதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் சிம் கார்டு கவுண்டரில் இருந்தேன். பில் ஏன் ஜாஸ்தி, டவர் ஏன் கம்மி என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து உங்களுக்கும் பழக்கம் இருந்தால், இதில் வருகிற ஒவ்வொருவரையும் வேறு சட்டையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எங்க முறை எப்போ?

அறை திறந்த புதிதில் வந்தவர்கள் சேகரும் அவர் மனைவி மல்லிகாவும். சேகர் கீழ்பென்னாத்தூர்க்காரர். சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறார். கிரிவலத்துக்கு வருகிறவர்கள், ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் என்று அவருக்கு எப்போதும் சவாரி இருக்கும். சவாரிக்குக் காத்திருந்த நேரத்தில் போனை நோண்டி, ஒரு படத்தில் இரண்டு பங்கு வாங்கிவிட்டார். வாங்கியதை நேரில் பார்க்க மனைவியோடு வந்திருந்தார்.

படம், தேன்மொழி என்கிற எங்கள் ஊர் ஓவியர் வரைந்தது. தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து மல்லாட்டை ஆய்கிறார்கள். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். சேகர் படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்த்தார். "மேடம், இதுல எந்தப் பக்கம் என்னுது?" என்றார்.

பங்கு என்றால் துண்டு இல்லை, முழுப் படத்திலும் எல்லோருக்கும் பாத்தியதை என்று விளக்கினேன். அவர் முகம் தெளியவில்லை. உடனே, "கூட்டுக் கெணறு மாதிரிங்க. தண்ணியில கோடு போட்டு இது உன்னுது, அது என்னுதுன்னு பிரிக்க முடியாது இல்ல?" என்றேன். சேகர் தலையாட்டினார். என் உதாரணத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, அதுவரை படத்தை விட்டுக் கண்ணை எடுக்காத மல்லிகா திரும்பினார். "கூட்டுக் கெணறுன்னா முறை வெச்சு எறைப்போம் மேடம். ரெண்டு நாளு அவுங்க, ரெண்டு நாளு நாங்க. அப்போ எங்க முறைக்கு இந்தப் படம் எங்க ஊட்டுக்கு எப்போ வரும்?"

அசையாத நம்பர்

அதே படத்தில் இன்னொரு பங்குக்காரர் கோபி சார். வேங்கிக்காலில் குடியிருப்பவர், அரசு வேலை. ஆள் ரொம்ப நல்லவர். ஆனால் ஏற்கெனவே ஷேர் மார்க்கெட்டில் விளையாடிப் பழகியவர். காலையில் ஒரு தடவை, டீ குடிக்கப் போகும்போது ஒரு தடவை, சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு தடவை என்று ஆப்பைத் திறந்து பார்ப்பார். வாங்கிய அன்று இருந்த விலைதான் இருக்கும். உடனே எனக்குப் போன் வரும். "மேடம், ஆப் மாட்டிக்கிச்சுன்னு நெனைக்கிறேன். நம்பரு அசையல."

படத்துக்குத் தினமும் விலை மாறாது, மதிப்புப் போடுகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் பார்த்துச் சொல்வார் என்று சொன்னேன். சரி என்றார். மறுநாள் மறுபடி போன். ஆப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினாராம், போனை அணைத்து எழுப்பினாராம், மகளுடைய போனில் போட்டும் பார்த்தாராம். இப்படிக் கொஞ்ச காலம் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தின் முன்னால் உட்கார்ந்தார். காபி வரவழைத்துக் கொடுத்தேன். வெகுநேரம் படத்தையே பார்த்தார். போனை எடுக்கவேயில்லை. போகும்போது, "நல்லாத்தான் இருக்குது. இதத்தான் நான் வாங்கியிருக்கேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மாடிப்படி வரை போனவர் நின்று, பால்கனி வழியாகத் தெரிந்த மலையைக் காட்டிச் சொன்னார்: "இருந்தாலும் மேடம், நம்ம மலையாவது ஒரு மழ பேஞ்சா கலரு மாறுது. இந்த நம்பரு அதுவும் இல்ல."

பிரஷ்ஷில் இருப்பது யார் முடி?

தரணேந்திரன் ஐயா பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிர் வைக்கிற சமணக் குடும்பத்துக்காரர். பேரன் ஆப்பைக் காட்ட, முதலில் அறைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் பணம் போடுவேன் என்று வந்துவிட்டார். மல்லாட்டைப் படம் அவருக்கும் பிடித்தது. விலை, காத்திருக்கும் காலம், நஷ்டம் வந்தால் என்ன, எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "பிரஷ்ஷு எதால செஞ்சதும்மா?" என்றார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கம்பெனி எனக்குக் கொடுத்த பயிற்சியில் பதில் இல்லை. தேன்மொழிக்குப் போன் போட்டேன். "பன்னி முடி பிரஷ், சுமதி. துணிக்கு முன்பூச்சு போட்டேனே, அதுவும் தோல்ல காய்ச்சின பசை. அப்படியே சொல்லிடு" என்றாள். அவளுக்கும் அந்தப் பங்கு விற்றால் நல்லதுதான். ஆனாலும் அப்படியே சொல்லச் சொன்னாள்.

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவங்க வேலைய நான் கொற சொல்லல, எனக்கு ஒத்துக்காது, அவ்ளோதான்" என்று எழுந்தார். அப்போது தேன்மொழியே திரும்பக் கூப்பிட்டாள். அடுத்த சுவரில் மாட்டியிருந்த தன் ஏரிப் படம் அக்ரிலிக், நைலான் பிரஷ், கடையில் முன்பூச்சோடு விற்கிற துணி, அதில் விலங்குச் சமாசாரமே கிடையாது என்றாள். ஐயா மறுபடி உட்கார்ந்தார். ஏரியை நிதானமாகப் பார்த்தார். பேரனிடம் போனை வாங்கித் தானே பொத்தானை அழுத்தினார்.

சென்னையில் எங்கள் மேனேஜர் பிரகாஷிடம் இதைச் சொன்னபோது, முதலில் சிரித்தார், அப்புறம் யோசித்தார். இப்போது ஆப்பில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அது எந்தப் பொருளால் ஆனது என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்துவிட்டு வடக்கிலிருந்து சமணர்கள்கூட வாங்குகிறார்கள். ஐயாவிடம் இதைச் சொல்லி, அந்த ஏரிப் படம் மல்லாட்டைப் படம் அளவுக்கு விலை ஏறாமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "லாபம் கம்மியா வரட்டும்மா. வந்த லாபத்த யாருகிட்டயும் மறைக்காம சொல்லலாம் இல்ல?" என்றார்.

ஓனர் எங்கே?

கீழே காபிக் கடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் மேலே எட்டிப் பார்ப்பது வழக்கம். ஆசிரமத்துக்கு வருஷா வருஷம் வருகிற ஒரு பெரியவர், தமிழ் கொஞ்சம் பேசுவார், மல்லாட்டைப் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கழற்றிக் கொடு, இப்போதே எடுத்துப் போகிறேன் என்றார். அப்படிக் கொடுக்க முடியாது, இதற்கு நிறைய ஓனர்கள் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. "அம்மா, ஒரு ஓனர் கூப்பிடுங்க. நான் பேசறேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சேகர் மாடிப்படி ஏறி வந்தார். கீழே வேனை நிறுத்திவிட்டு, சவாரி வரும்வரை மின்விசிறிக் காற்றில் நிற்கலாம் என்று வந்தவர். "இதோ, இவர் ஒரு ஓனர்" என்றேன். பெரியவர் இரண்டு கையாலும் சேகரின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் படம் மிக அழகு, விற்பீர்களா என்று கேட்டார். சேகர் அவசரமாகக் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். பெரியவரை ஒரு பார்வை, படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முடியாது என்று தலையசைத்தார். அவர் ஒருவர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரியவர் போனதும் சேகர் பால்கனிக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டது என் காதிலும் விழுந்தது. "ஏ மல்லிகா, தினம் நம்ம வேன்ல ஏறுறவங்க டிரைவர் டிரைவர்னுதானே கூப்புடுவாங்க? இன்னிக்கு ஒரு வெள்ளக்காரரு எங்கிட்ட வெல கேட்டாரு. குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்!"

வேண்டாம் என்று சொன்ன நாள்

எல்லாக் கதையும் சிரிப்பாக இருக்காது. தேரடி வீதிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் பரிமளா ஒருநாள் மத்தியானம் வந்தார். நகையை அடகு வைத்து எடுத்த பணம் கைப்பையில் இருந்தது. மகளுக்கு ஜூனில் காலேஜ் சேர வேண்டும். அதற்குள் இதைப் படத்தில் போட்டு இரட்டிப்பாக்கித் தர வேண்டும் என்றார். யாரோ அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆசை காட்டிப் பணம் வாங்கிவிட்டு ஒருநாள் கதவை மூடிவிட்டுப் போன கம்பெனிகளை எங்கள் மாவட்டம் நிறையப் பார்த்திருக்கிறது. என் அக்காவே ஒன்றில் போட்டுவிட்டு, அந்தப் பூட்டின கதவின் முன்னால் போய் நின்றவள். எனக்கு அந்தக் கைப்பையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இதுல போடாதீங்கக்கா. நல்ல படம்தான். ஆனா விக்க எத்தினி வருஷம் ஆகும்னு யாருக்கும் தெரியாது. ஜூனுக்குள்ள கண்டிப்பா வராது. போட்டத விடக் கம்மியாக்கூட ஆகலாம். நகைய மொதல்ல மீட்டுடுங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏழை என்பதால் துரத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார். படி இறங்கும்போது சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனார். சாயங்காலமே பிரகாஷ் போனில் வந்தார். அறைக்கு வருமுன்பே ஆப்பில் பெயரைப் பதிந்து, பணம் கட்டும் இடம் வரை வந்தவர் திரும்பிப் போனது அவருக்கும் தெரிந்துவிட்டது. என்ன சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன். வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன். அவரோ, "அதே வார்த்தையில எழுதி அனுப்புங்க. பணம் கட்டுற பக்கத்துல பெரிய எழுத்துல போட்டுடலாம்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

தீபாவளி முடிந்து பரிமளா மறுபடி வந்தார். மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள், நகையும் வீட்டுக்கு வந்துவிட்டது. பண்டிகைக்கு ராப்பகலாக ரவிக்கை தைத்ததில், போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய ஒரு சின்னத் தொகையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். ஏரிப் படத்தில் ஒரே ஒரு பங்கு வாங்கினார். வாங்கி முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உள்ள வந்த காச வேணாம்னு சொன்ன கடைய இப்பத்தான் பாக்குறேன். அதான் இங்கியே வந்தேன்."

கள்ள ஓட்டு

பெங்களூரில் புதிதாகக் கட்டுகிற ஒரு ஆஸ்பத்திரி, நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் மாட்ட மல்லாட்டைப் படத்தை விலைக்குக் கேட்டது. பங்குக்காரர்கள் போட்டதைவிட நல்ல விலை. விற்கலாமா வேண்டாமா என்று பங்குக்காரர்கள் ஆப்பிலேயே ஓட்டுப் போட வேண்டும், ஒரு வாரம் அவகாசம். கோபி சாரின் நம்பர் கடைசியில் அசைந்தது. அன்று அவர் போன் செய்தபோது குரலே மாறியிருந்தது.

சேகர் வேறு விதமாக வந்தார். படியில் ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தார், பின்னால் மல்லிகா. "மேடம், எங்க ஓட்ட யாரோ கள்ள ஓட்டு போட்டுட்டாங்க! நான் தொறந்து பாத்தா 'விற்க வேண்டாம்'னு பதிஞ்சு கெடக்குது. வேனு இஞ்சின் வேலைக்கு நிக்குது, வித்தாத்தான் எனக்கு ஆவும்!" கணக்கைத் திறந்து பார்த்தேன். ஓட்டு அவர் போனிலிருந்துதான் போயிருந்தது, பட்டப்பகலில். அந்த நேரம் திருப்பதி சவாரி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேனே என்றார். சொல்லி முடித்ததும் அவரே மெதுவாகத் திரும்பி மல்லிகாவைப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார் மல்லிகா. "பங்கு வாங்குன காசுல பாதி யாரு காசு? நான் மல்லாட்ட ஆய்ஞ்ச கூலி. அந்தப் படத்துல ஒக்காந்திருக்கிறது எங்க நாத்தனா மாதிரி இருக்குது, பக்கத்துல இருக்கிறது நானு மாதிரி இருக்குது. நம்ம மாதிரி ஆளுங்கள ஒருத்தங்க வரைஞ்சு செவுத்துல மாட்டியிருக்காங்க, அத எப்படி வித்துடறது? எனக்கு மனசு வரல." கெடு முடியும்வரை ஓட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன். சேகர் என் மேஜையில் வைத்திருந்த தன் போனை எடுத்தார். அவர் விரல் அந்தப் பொத்தானுக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. எனக்கு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை. பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உடுங்க மேடம், அப்படியே இருக்கட்டும். கள்ள ஓட்டானாலும் எங்க ஊட்டு ஓட்டுதான்."

படம் புறப்பட்ட நாள்

ஓட்டு முடிந்தது. விற்கலாம் என்றவர்கள்தான் ஜாஸ்தி. சேகருக்கு வந்த பணத்தில் இஞ்சின் வேலை முடிந்தது, வேன் மறுபடி ரோட்டுக்கு வந்துவிட்டது. படத்தைப் பெட்டியில் கட்டி அனுப்புகிற அன்று மல்லிகா தனியாக பஸ் ஏறி வந்தார். தேன்மொழியும் வந்திருந்தாள். அவர்கள் இருவரும் அதுவரை பார்த்துக்கொண்டதில்லை. தேன்மொழியின் படங்களை முன்பெல்லாம் பயணிகள் வாங்கிச் சுருட்டி எடுத்துப் போவார்கள், அப்புறம் அது எந்த நாட்டில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று இவளுக்குத் தெரியாது. இந்த விற்பனையில் ஓவியருக்கும் ஒரு பங்கு உண்டு. அதை வைத்து வெளிச்சம் வருகிற பெரிய அறையாக வாடகைக்குப் பார்த்திருந்தாள்.

ஆட்கள் படத்தைக் கழற்றியபோது மல்லிகாவின் கண் கலங்கிவிட்டது. தேன்மொழி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "ஆஸ்பத்திரிக்குத்தான் போவுது அக்கா. டாக்டர் எப்போ கூப்புடுவாருன்னு பயந்துகினு ஒக்காந்திருப்பாங்க இல்ல, அவங்க பாப்பாங்க" என்றாள். மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்து என்ன வரையப்போகிறாய் என்று கேட்டார். நாற்று நடவு என்றாள் தேன்மொழி, ஒருநாள் உங்கள் ஊருக்கு வந்து பார்த்து வரையலாமா என்றும் கேட்டாள். வா, ஆனால் சேற்றில் இறங்காமல் வரப்பிலேயே நின்று வரைந்தால் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்றார் மல்லிகா. இருவரும் சிரித்தார்கள். பெட்டி கீழே போய் வண்டியில் ஏறியது.

எல்லோரும் போனபின் மல்லிகா என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு புது செல்போனை எடுத்து வைத்தார். ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. பேரைப் பதிந்தேன், சரிபார்க்கிற நம்பர் போனுக்கு வந்தது, அவரே தட்டினார். நடவுப் படம் வரைந்து முடிந்து ஆப்பில் ஏறியதும் தனக்குத்தான் முதலில் தகவல் வர வேண்டும் என்றார். ஊட்டுக்காரருக்குத் தெரியுமா என்று சும்மா கேட்டேன். போனை வாங்கிக் கொடுத்ததே அவர்தானாம். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, போகிற போக்கில் சொன்னார்: "கள்ள ஓட்டுன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது மேடம். போனும் என்னுது, பங்கும் என்னுது, ஓட்டும் என்னுது."

எங்கள் தொழிலில் விலை ஏறுமா இறங்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை, ஆனால் போட்ட காசுக்கு வீட்டில் ஒரு நல்ல வாக்குவாதம் கிளம்பும் என்பதற்கு மட்டும் தாராளமாக உத்தரவாதம் தருகிறேன்.